பன்னிரண்டாம் மாடிக்காரர்

கோகிலனின் பிறந்தநாளுக்கு வங்கியிலிருந்து கேக் வந்தது. கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். பினாங்கு வெயிலில் இருவரும் கோட்டு போட்டிருந்தார்கள். கேக்கை மேசையில் வைத்ததோடு போய்விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று பிறந்தநாள் பாட்டை முழுசாகப் பாடி, கோகிலனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க இல்லாட்டி நாங்க இல்ல சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

சற்குணம் அந்தக் கேக்கில் ஒரு துண்டு தின்று பார்த்தார். நன்றாக இருந்தது. அவரால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

கோகிலன் அவருக்குச் சகலை. அக்காள் லெட்சுமியைச் சற்குணமும் தங்கையைக் கோகிலனும் கட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒருவர் காரை மாற்றினால் கொஞ்ச நாளிலேயே மற்றவர் வாசலிலும் புதுக் காடி நிற்கும். ஒருவர் மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்தால் மற்றவர் மகள் வயலின் பெட்டியோடு திரிவாள். தொழிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான். பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளில் செய்யும் சாமான்கள் உடையாமல் கப்பலேற ஃபோம் தட்டு வெட்டிக் கொடுப்பவர் சற்குணம். அதே தொழிற்சாலைகளில் ஆட்கள் தலையிலிருந்து கால்வரை மாட்டிக்கொள்ளும் வெள்ளை உடுப்புகளைத் தூசு தும்பு இல்லாமல் துவைத்துக் கொடுப்பவர் கோகிலன். இருவருக்கும் நல்ல வருமானம். இருவருக்கும் அது போதாது என்று தோன்றியது, மற்றவரைப் பார்க்கும்போது மட்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், காடியில் லெட்சுமி பேச்சை எடுத்தாள்.

"கேக் நல்லா இருந்துச்சில்ல?"

"இனிப்பு கூட."

"அவர பேங்க்ல பெரிய கம்பனிங்களோட சேத்துட்டாங்களாம். தங்கச்சி சொன்னா. அவருக்குன்னே ரிலேஷன்ஷிப் மேனேஜர்னு ஒரு பிள்ளைய குடுத்திருக்காங்களாம். காலைல போன் பண்ணி, சாப்பிட்டீங்களான்னு கேக்குமாம்."

"நீதான் என்னைக் கேக்கிறியே."

"நான் பாட்டு பாடி கேக் குடுக்கலையே" என்றாள் லெட்சுமி. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சற்குணம் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் அவர் நோர்தாம் ரோட்டிலிருந்த செலாட் உத்தாரா வங்கிக்குப் போனார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவருடைய கணக்கும் அங்கேதான். ஆனால் கீழ்த்தளத்தைத் தாண்டிப் போனதில்லை. போகவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அன்றுதான் மூலையிலிருந்த தனி லிஃப்டைப் பார்த்தார். அதன் கதவு பித்தளை நிறத்தில் மினுங்கியது. பக்கத்தில் நின்ற காவலாளி, அட்டை இருந்தால்தான் ஏறலாம், அது பெரிய கம்பனிகளுக்கான லிஃப்ட் என்று மரியாதையாகச் சொன்னார். சற்குணம் கோகிலனின் பெயரைச் சொன்னார். காவலாளி உடனே நிமிர்ந்து நின்றார். சற்குணம் அந்தப் பித்தளைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் மேலேயிருந்து கீர்த்திகா என்ற பெண் இறங்கி வந்தாள். கோகிலனுக்குக் காலையில் போன் செய்து சாப்பிட்டாரா என்று கேட்கும் பிள்ளை அவள்தான். வெள்ளம் நிற்கும் தெருவில் கால் வைப்பதுபோல் கீழ்த்தளத்தில் கால் வைத்தாள்.

"அங்கிள், நாங்க பெரிய நிறுவனங்கள மட்டும்தான் பாக்கிறோம். நீங்க நிறுவனமா?"

சற்குணம் யோசித்தார். "நான் சற்குணம்."

"அதத்தான் சொல்றேன் அங்கிள். நீங்க ஒரு ஆளு."

"அப்ப கோகிலன்? அவரும் ஆளுதானே?"

"முந்தி ஆளாத்தான் இருந்தாரு. நாங்கதான் மாத்தினோம்."

"அப்ப என்னையும் மாத்துங்க லா!"

கீர்த்திகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, முதலில் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும், அதற்கு ஒரு குழு வரும் என்றும் சொல்லிவிட்டு மேலே போனாள்.

குழு வருகிற அன்று லெட்சுமி கேசரி கிண்டினாள், வடை சுட்டாள். வேலையாட்களுக்குப் புது டி-சட்டை கொடுக்கப்பட்டது. வெட்டும் இயந்திரத்தைத் துடைத்து, அதன்மேல் ஒரு பூமாலையும் தொங்கவிட்டிருந்தார் சற்குணம். கீர்த்திகாவும் கோட்டு போட்ட இரண்டு ஆண்களும் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஃபோம் உள்ளே வந்தது, வெட்டுப்பட்டது, தட்டாகி வெளியே போனது. அவர்கள் மீண்டும் ஒருமுறை சுற்றினார்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கேசரியைத் தின்று, ஒருவரையொருவர் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்பதற்கு முன்பு அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

"என்னம்மா, ஏதாச்சும் குறை இருக்கா?" என்றார் சற்குணம்.

"உங்க பிசினஸ் எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு அங்கிள்" என்றாள் கீர்த்திகா. "அதான் பிரச்சன."

"புரிஞ்சா நல்லதுதானே?"

"புரியுற கம்பனியெல்லாம் கீழ்த்தளத்துக்குத்தான் அங்கிள். கோகிலன் சார் கம்பனிய எடுத்துக்குங்க. நாங்க எட்டுப் பேரு உக்காந்து படம் போட்டுப் பாத்தோம். இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் புரியல. அந்த மாதிரி இருந்தாத்தான் பெரிய கம்பனின்னு அர்த்தம்."

சற்குணம் கேட்டுக்கொண்டார். கோகிலனின் கம்பனி யாருக்கும் புரியாது என்றால் தன்னுடையது தனக்கே புரியாமல் போகவேண்டும் என்று தீர்மானித்தார். வங்கி சொன்ன வக்கீல் வந்தார். பழைய கம்பனி ஃபோம் வெட்டும். இரண்டாவது கம்பனி இயந்திரத்தை வைத்துக்கொண்டு முதல் கம்பனிக்கு வாடகைக்கு விடும். மூன்றாவது கம்பனி இந்த இரண்டையும் வைத்துக்கொள்ளும். நாலாவது கம்பனி வரிச் சலுகை உள்ள லாபுவான் தீவில் ஒரு பெயர்ப்பலகையோடு இருக்கும், எதுவும் செய்யாது. வக்கீல் மிகவும் மரியாதையாகப் பேசியது அந்த நாலாவதைப் பற்றித்தான். சற்குணம் தன் இயந்திரத்தைத் தானே வாடகைக்கு எடுத்து, தனக்கே வாடகை கொடுத்து, அந்த வருமானத்துக்கு வரியும் கட்டத் தொடங்கினார்.

பெரிய நிறுவனம் என்றால் ஒரு தொலைநோக்கு இருக்கவேண்டுமாம். அதையும் வங்கியே எழுதித் தந்தது. "ஃபோமுக்கு அப்பால்" என்று கொட்டகை வாசலில் பெரிய எழுத்தில் மாட்டினார்கள். வாங்க வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஃபோம் வியாபாரத்தை நிறுத்திவிட்டார்கள் போல என்று வேறு கடைக்குப் போய்விட்டார். சுற்றுச்சூழல் குழு ஒன்றும் தேவைப்பட்டது. கறிவேப்பிலைச் செடிக்குக் காய்கறித் தோல் போடுகிறாள் என்ற தகுதியில் லெட்சுமி அதன் தலைவியானாள்.

"எனக்கு இதுல என்னங்க வேல?"

"நீ இப்ப போடுற தோலையே போடு. ஆனா வருஷக் கடைசில அதப்பத்திப் பேசணும்."

கடைசியாகக் கீர்த்திகா ஒரு கேள்வி கேட்டாள். "வெளிநாட்டுக் காசு ஏதாச்சும் புழங்குதா? அந்த மாதிரி ரிஸ்க் இருக்கா?"

"இல்லம்மா. மலேசிய வெள்ளியில வாங்குறேன், மலேசிய வெள்ளியில விக்கிறேன். ஒரு ரிஸ்க்கும் கிடையாது."

பிள்ளையில்லாதவரைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்தாள். "ஐயோ. கோகிலன் சார் கிட்ட யென் இருக்கு."

"ஜப்பான் யென்னா? அவன் துவைக்கிறது பாயான் லெப்பாஸ் உடுப்பு. அதுக்கு எதுக்கு யென்?"

"அதெல்லாம் எதுக்கு எதுக்குன்னு பாக்கிறது இல்ல அங்கிள். இருக்கணும்."

"அப்ப எனக்கும் யென் குடுங்க" என்றார் சற்குணம். "அவனவிட ஒரு சுத்து பெரிசா."

அவர் கையெழுத்துப் போட்டார். யென் ஏறினால் வங்கி அவருக்குக் கொடுக்கும், இறங்கினால் அவர் வங்கிக்குக் கொடுப்பார், அல்லது அது தலைகீழா என்பது அவருக்குக் கடைசிவரை நிச்சயமாகத் தெரியவில்லை. பக்கத்தில் ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த இரண்டாவது கொட்டகையை அதற்கு ஈடாக வைத்தார். பேனாவை மூடும்போது கீர்த்திகா முதல் தடவையாக, "தேங்க் யூ சார்" என்றாள். அங்கிள் போய்விட்டது. சற்குணத்துக்குக் காதில் தேன் ஊற்றியதுபோல் இருந்தது.

பன்னிரண்டாம் மாடியில் அவரை வரவேற்க ஒரு விழா. பித்தளைக் கதவு லிஃப்ட் அவருக்காகத் திறந்தது. மேலே கம்பளம் கணுக்கால்வரை புதைந்தது. கண்ணாடிக்கு அப்பால் கடல். அந்தப் பிரிவின் தலைவி ஷாஹிரா, தொழிலதிபர்கள் மத்தியில் பெயர் பெற்றவர், அவருக்கு ஆர்க்கிட் கொத்து ஒன்றைக் கொடுத்து ஒரு சிறு உரையாற்றினார்.

"எங்க வாப்பா கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சோத்துக் கடை வச்சிருந்தாங்க" என்று தொடங்கினார் ஷாஹிரா. "பசியோட வர்றவங்களுக்குச் சோறு போட்டாங்க. நல்ல மனுஷர். ஆனா கடைசிவரைக்கும் ஒரே கடைதான். நான் யோசிச்சேன். பசியோட வர்றவன் எத்தன பேரு வருவான்? வயிறு நெறஞ்சா போயிடுவான். பசி இல்லாதவன உக்கார வச்சு, பக்கத்து மேசைக்காரன் தட்ட அவனுக்குக் காட்டணும். அப்ப சாப்பிட ஆரம்பிச்சான்னா நிறுத்தவே மாட்டான். சற்குணம் சார் மாதிரி பசி இல்லாதவங்க இங்க வந்திருக்கிறது எங்களுக்குப் பெருமை."

எல்லாரும் கைதட்டினார்கள். சற்குணமும் தட்டினார். அவர் கண் கூட்டத்தில் கோகிலனைத் தேடிக்கொண்டிருந்தது. அதற்காகவே புதுக் கோட்டு தைத்துப் போட்டு வந்திருந்தார்.

"எங்கம்மா, எங்க சகலையக் காணோம்?"

"கோகிலன் சார் போன வாரந்தான் சார் மேல போனாரு" என்றாள் கீர்த்திகா.

சற்குணத்தின் கையிலிருந்த ஆர்க்கிட் கீழே விழுந்தது. "ஐயோ! எப்ப? எனக்கு யாரும் சொல்லலையே!"

"பயப்படாதீங்க சார். மேல் மாடிக்குப் போனாரு. பன்னெண்டு ஏ."

பதின்மூன்று ராசியில்லாத எண் என்பதால் அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டுக்கு மேலே இருந்த மாடிக்குப் பன்னிரண்டு ஏ என்று பெயர். சகலை உயிரோடு இருக்கிறார் என்பதில் சற்குணத்துக்கு ஒரு நொடி நிம்மதி வந்தது. அடுத்த நொடியே, தனக்கும் மேலே ஒரு மாடி இருக்கிறது, அங்கே அவர் இருக்கிறார் என்பது உறைத்தது. கம்பளம், கடல், ஆர்க்கிட் எல்லாம் ஒன்றுமில்லாமல் போயின.

அதற்குப் பிறகு அவர் காதில் விழுந்ததெல்லாம் நெருப்பாக இருந்தது. பன்னிரண்டாம் மாடியில் ஒரு கீர்த்திகா பல பேரைக் கவனித்தாள். பன்னிரண்டு ஏ-யில் கோகிலன் ஒருவரைக் கவனிக்க ஆறு பேராம். கோகிலனுக்கு வங்கியிலிருந்து நாள் முழுக்க போன் வந்துகொண்டே இருக்கிறதாம். அவரை அழைத்துப்போக வங்கியின் காடியே வீட்டு வாசலுக்கு வருகிறதாம். இதெல்லாம் லெட்சுமி தன் தங்கையிடமிருந்து கொண்டுவந்த சேதி. தங்கை இதையெல்லாம் ஏன் தழுதழுத்த குரலில் சொன்னாள் என்று லெட்சுமிக்குப் புரியவில்லை. பெருமையில் தொண்டை அடைத்திருக்கும் என்றார் சற்குணம்.

"நேத்து பேங்க்காரங்க வந்து அவங்க வீட்ட அளந்துட்டுப் போனாங்களாம்" என்றாள் லெட்சுமி ஒருநாள். "ஒவ்வொரு ரூமா போட்டோ புடிச்சாங்களாம்."

"எதுக்காம்?"

"தெரியல. கேட்டா அழுவுறா."

சற்குணம் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். வங்கி ஒரு மாதப் பத்திரிகை நடத்துவது அவருக்குத் தெரியும். அதன் அட்டையில் பெரிய மனிதர்களின் வீடுகள் வரும். "நம்ம வீட்ட ஒருத்தரும் அளக்கலையே" என்றார். அன்று அவர் சாப்பிட்டது பாதிதான்.

இதற்கிடையில் சம்பள நாள் வந்தது. எப்போதும்போல் வேலையாட்களின் சம்பளத்தை அனுப்பும்படி சற்குணம் வங்கிக்குச் சொன்னார். கீர்த்திகா சிரித்தாள்.

"அது ரொம்ப சின்னத் தொகை சார். பன்னெண்டாவது மாடி சிஸ்டம் எடுக்காது. உள்ள போட்டா பூஜ்யம்னு காட்டுது."

"அப்ப நான் எப்படிச் சம்பளம் குடுக்கிறது?"

"ஒரு நூறு வருஷச் சம்பளத்த மொத்தமா குடுத்தீங்கன்னா அனுப்பிடலாம் சார். கோகிலன் சார் கூட இதுக்காக ஒரு பெரிய லோன் எடுத்தாரு."

சற்குணம் கீழ்த்தளத்துக்கு ஓடினார். அங்கே அவர் பெயரே இல்லை. நீங்கள் மேலே போய்விட்டீர்கள், மேலே போனவர்களுக்குக் கீழே கணக்கு இருக்காது என்றார்கள். கடலைப் பார்த்த சோபாவில் கப்புச்சினோ குடிக்கவும், வேண்டுமானால் வெளிநாட்டில் ஒரு துறைமுகம் வாங்கவும் வங்கி அவருக்கு ஏற்பாடு செய்யும்; வெட்டும் இயந்திரத்தில் நிற்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் வழியில்லை. லெட்சுமி தன் சிநேகிதிகளோடு மாதாமாதம் போட்டுவந்த கூட்டுச் சீட்டுப் பணத்தை எடுத்து நீட்டினாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போதும் அவர் மனத்தில் ஓடியது ஒன்றுதான்: பன்னிரண்டு ஏ-யில் இப்படிப்பட்ட தொல்லையெல்லாம் இருக்காது. அங்கே ஆறு பேர். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கே தனியாக ஒருவர் இருப்பார்.

"என்ன எப்பம்மா பன்னெண்டு ஏ-க்கு எடுப்பீங்க?" என்று கீர்த்திகாவிடம் கேட்டே விட்டார்.

அவள் மேசையிலிருந்த திரையைப் பார்த்தாள். யென் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள் போலிருக்கிறது. "கொஞ்சம் நாள் ஆகும் சார். ஆனா நீங்க சரியான பாதையிலதான் போய்க்கிட்டு இருக்கீங்க."

அவர் அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார்.

ஆனாலும் பொறுமை தங்கவில்லை. ஒரு காலையில், பன்னிரண்டாம் மாடியில் இருந்தபோது, கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அவசரப் படிக்கட்டின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மாடி ஏறினார். மேலே கம்பளம் இல்லை. "சிறப்பு அக்கறைப் பிரிவு" என்று பலகை தொங்கியது. கண்ணாடி அறை ஒன்றின் நடுவில் கோகிலன் உட்கார்ந்திருந்தார். லெட்சுமி சொன்னது சரிதான், சுற்றிலும் ஆறு பேர். ஒருத்தி கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கோகிலனின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நால்வரும் அவருடைய வீட்டின் போட்டோக்களைச் சுவரில் ஒட்டி, அதில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கோகிலனுக்கு ஒரு சுற்று உடம்பு இளைத்திருந்தது. அவர் கண்ணாடிக்கு வெளியே சகலையைப் பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க இங்க வர இன்னும் நாள் இருக்கே சார்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஷாஹிரா.

"என்னம்மா இது? என்ன பண்றீங்க அவர?"

"கவனிக்கிறோம். கடன கட்ட முடியாமப் போனவங்கதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். நல்லா கட்டுறவன நாங்க எதுக்குப் பாக்கணும்? அவன் பாட்டுக்குக் கட்டுவான். இவருக்கு மயக்கம் வந்தா எங்களுக்குல்ல நஷ்டம்? அதான் டாக்டர்."

"எட்டுப் பேருக்குக்கூட புரியாத கம்பனின்னு பெருமையா சொன்னீங்களே!"

"இப்பவும் புரியல சார். எதெல்லாம் விக்கலாம்னு மட்டும் புரிஞ்சிடுச்சு." ஷாஹிரா கோகிலனைப் பாசத்தோடு பார்த்தார். "நல்ல கிளையண்ட். ஆரம்பத்துல வரவே மாட்டேன்னாரு. எனக்குக் கடனே வேணாம், துவைக்கிறதே போதும்னாரு. நாங்க வேற ஒண்ணும் பண்ணல சார். நீங்க ரெண்டாவது ஷெட் வாங்கினீங்கல்ல? அந்த போட்டோவக் கொண்டுபோய் அவருகிட்ட காட்டினோம். அன்னிக்கே கையெழுத்துப் போட்டாரு."

சற்குணம் சுவரில் ஒட்டியிருந்த வீட்டுப் போட்டோக்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ரிலேஷன்ஷிப் மேனேஜர்னா என்னன்னு நெனச்சீங்க சார்?" என்றார் ஷாஹிரா, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல். "உங்களுக்கும் பேங்குக்கும் உள்ள உறவப் பாத்துக்கிறவங்கன்னா? இல்ல சார். உங்களுக்கும் உங்க சகலைக்கும் உள்ள உறவு. அதத்தான் நாங்க பாத்துக்கிறோம். நாடு பூரா அண்ணன் தம்பி, சகலை, சம்பந்தின்னு எவ்வளவு உறவு சும்மா கெடக்குது தெரியுமா?"

அவர் பேசி முடிக்கட்டும் என்று சற்குணம் காத்திருக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போய், கோகிலனின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"வா சகல. போலாம்."

"இன்னும் கஞ்சி முடியல சார்" என்றாள் கிண்ணம் வைத்திருந்தவள்.

"நீயே குடிம்மா."

லிஃப்டுக்குக் கோகிலனின் அட்டை வேலை செய்யவில்லை. பன்னிரண்டு ஏ-யிலிருந்து ஆட்கள் தாமாக இறங்குவது வழக்கமில்லையாம். இருவரும் படிக்கட்டில் இறங்கினார்கள். பாதி வழியில் கோகிலனுக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தார். சற்குணமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீடு போகுது சகல" என்றார் கோகிலன். "யாருகிட்டயும் சொல்லல. உன்கிட்ட சொல்றதுக்கு எனக்கு வாய் வரல."

"ஏன்?"

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

இதே சேதி வேறு விதமாகக் காதில் விழுந்திருந்தால் சிரித்திருப்போமோ என்று சற்குணத்துக்கே சந்தேகமாக இருந்தது.

"நீ ரெண்டாவது ஷெட் வாங்கினப்ப எனக்குச் சோறு எறங்கல லா" என்றார் கோகிலன். "வேலையே இல்லாம ரெண்டாவது லாண்டரிக்கு மெஷின் எறக்கினேன். ஜெர்மன் மெஷினு. அதுக்கு லோன். அந்த லோனுக்கு யென். யென் எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"உன்கிட்ட இருக்குன்னு நானும் வாங்கினேன்."

கோகிலன் திரும்பி அவரைப் பார்த்தார். "நீயுமா?"

"உன்னவிட ஒரு சுத்து பெரிசா."

கோகிலனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று தொடங்கியது எங்கேயோ போய் அழுகையாக முடிந்தது. சற்குணம் புதுக் கோட்டின் கையால் சகலையின் முகத்தைத் துடைத்துவிட்டார். கோட்டுக்கு அதுவரை கிடைத்த ஒரே உருப்படியான வேலை அது.

அந்த வாரமே சற்குணம் யென்னைத் திருப்பிக் கொடுக்கப் போனார். மேலே வரத்தான் எங்களிடம் ஏற்பாடு இருக்கிறது, கீழே இறங்க இல்லை என்று கீர்த்திகா தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் இரண்டாவது கொட்டகையை வங்கி எடுத்துக்கொண்டு அவரை விட்டது. நான்கு கம்பனிகளில் மூன்றை மூடினார். எதுவும் செய்யாத கம்பனியை மூடத்தான் அதிகச் செலவானது. "ஃபோமுக்கு அப்பால்" பலகையை வேலையாட்கள் கழற்றி, பின்னால் ஒழுகிய கூரைக்கு அடைப்பாக வைத்தார்கள். மிச்சமிருந்த ஒரே கொட்டகையின் பின்பாதியை ஒழித்துவிட்டு, வங்கி தொடாமல் விட்ட பழைய துவைக்கும் இயந்திரங்களை அங்கே கொண்டுவந்து போடும்படி கோகிலனிடம் சொன்னார். லெட்சுமி அதைக் கேட்டுவிட்டு அன்று அவருக்கு இரண்டு முட்டை கூடப் பொரித்துப் போட்டாள்.

வீட்டை ஒப்படைக்கிற நாள் வந்தது. வங்கி அதையும் ஒரு விழாவாக வைத்திருந்தது. மூன்று காடிகளில் வந்து இறங்கினார்கள். வாசலில் சிறிய கூடாரம், ஒலிபெருக்கி, நெகிழிக் கோப்பையில் ரோஸ் சர்பத். தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த சற்குணத்தையும் கூப்பிட்டுக் கூடாரத்துக்குள் நிறுத்தினார்கள், கூட்டம் போதவில்லை என்று.

ஷாஹிரா பேசினார். "இது பிரிவு இல்ல. உறவோட அடுத்த கட்டம். கோகிலன் சார் எங்களுக்காக எல்லாத்தையும் குடுத்தாரு. இப்படிக் குடுக்கிறவங்க கெடைக்கிறது அபூர்வம். அவரு இந்த வீட்ட விட்டுப் போகலாம். எங்க மனசுல இருந்து போக முடியாது."

கோகிலன் சாவிக்கொத்தை நீட்டினார். ஷாஹிரா அதை வாங்கிக்கொண்டு, நீல வெல்வெட் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு நினைவுப் பரிசை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில் செய்த வீடு. அதே வீடு: அதே மாடி முகப்பு, அதே வளைவு, அளந்து போட்டோ பிடித்துச் செய்தது. அடியில் கோகிலனின் பெயர் பொன்னெழுத்தில் வெட்டியிருந்தது. வெயில் பட்டு உள்ளுக்குள் வானவில் ஓடியது. போட்டோ எடுத்தார்கள். கோகிலனின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய் நின்றாள். லெட்சுமி அவளைத் தேடிப் போனாள்.

"சகல, இதக் கொஞ்சம் புடி" என்று கோகிலன் அந்தக் கண்ணாடி வீட்டைச் சற்குணத்தின் கையில் கொடுத்துவிட்டு, சோபாவைத் தூக்கப் போனார்.

நல்ல கனம். நல்ல வேலைப்பாடு. ஜன்னல் கம்பிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. சற்குணம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். கீர்த்திகா பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு வச்சிருந்தோம் அங்கிள். பேரு கூட வெட்டியாச்சு. நீங்கதான் அவசரப்பட்டு முன்னாலயே கணக்க முடிச்சிட்டீங்க."

சற்குணம் அவளைப் பார்த்தார். தப்பித்தோம் என்று நினைக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டிருந்தது: என்னுடையது இதைவிடப் பெரிசா?

வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடி வீட்டை வங்கிக் காடியின் பானெட்மேல் வைத்துவிட்டு, சோபாவின் மறுமுனையைப் போய்ப் பிடித்தார்.

"தூக்கு சகல" என்றார்.